பென்சிலில் வந்த பல் டாக்டர்

“சார், பல் டாக்டரோட பொண்ணு வந்திருக்காங்க.”

வாசல் காவலர் சொன்னதைக் கேட்டதும் பதிவாளர் நாக்கால் தன் கடைவாயை ஒரு சுற்று தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாப் பற்களும் இருந்த இடத்தில் இருந்தன.

“எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்லையேப்பா.”

“உங்க பல் டாக்டர் இல்ல சார். குருவிக்குப் பக்கத்துல அட்டையில எழுதி வச்சிருக்கீங்களே, அந்தப் பல் டாக்டர். அவரோட பொண்ணாம். உங்களைப் பார்க்கணுமாம்.”

பதிவாளர் கையிலிருந்த கண்ணாடி டீ டம்ளரை மேசைமேல் வைத்தார். மேசை நாலு விரற்கடை தள்ளி இருந்தது.

“இருக்கவே முடியாது,” என்றார், கீழே விழுந்து உடைந்த டம்ளரைப் பார்க்காமலே.

“கீழே பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க சார். நான்தான் தண்ணி கொடுத்தேன்.”

இருக்க முடியாது என்று அவர் அடித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தப் பல் டாக்டருக்குப் பெண்ணும் கிடையாது, பிள்ளையும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. ஏனென்றால் அந்தப் பல் டாக்டரே கிடையாது. அவரை உண்டாக்கியவர் நம் பதிவாளர்தான். அதுவும் பென்சிலால்.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். குருவி என்பது முழங்கை உயரத்துக்கு ஒரு தங்க முலாம் பூசிய கிளை. அதன் நுனியில் கைப்பிடி அளவுக்கு நீலமும் பச்சையுமாக ஒரு பறவை. அடியில் சாவி கொடுத்தால் வாலை ஆட்டும், தலையைத் திருப்பும், அலகை ஆவென்று திறந்து மூடும். ஒரு காலத்தில் பாடவும் செய்ததாம். இப்போது சத்தம் வருவதில்லை. சத்தமே போடாமல் வாயைத் திறந்து மூடும் ஜீவன் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான்.

அறுபத்தொரு வருடத்துக்கு முன்னால் ஆட்சி கவிழ்ந்த வாரத்தில், ஊர் நடுவே இருந்த பெரிய மாளிகைக்குள் சிப்பாய்கள் புகுந்து கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் குருவியும் போனது. மாளிகைக் குடும்பத்துக்கு வாரிசு இல்லாமல் போய், கட்டடம் ஊருக்கே வந்து சேர்ந்து, அருங்காட்சியகம் ஆனது. குருவி மட்டும் கடல் தாண்டி ஒரு பெரிய நாட்டின் பெரிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தது. திருப்பிக் கொடுங்கள் என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அவர்கள் இறங்கி வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். கொள்ளை போன நாளிலிருந்து, வெளிநாட்டுக் கடை ஒன்றில் விற்பனைக்கு வந்த நாள் வரைக்கும் பதினோரு வருடம் அது யார் கையில் இருந்தது என்று நீங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் காகிதத்துக்கு ‘உடைமை வரலாறு’ என்று பெயர்.

அதை எழுதும் வேலை அருங்காட்சியகப் பதிவாளருடையது. அலுவலகத்தில் அவருக்கு ‘ஆதாரம்’ என்று பட்டப்பெயர். “சார், வெளியே மழை பெய்யுது” என்று யாராவது சொன்னால்கூட “ஆதாரம்?” என்று கேட்டு ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்க்கும் ஆள். முப்பத்துநாலு வருடச் சேவையில் ஆதாரமில்லாமல் ஒரு எழுத்து எழுதியதில்லை. நிச்சயமாகத் தெரிந்ததைப் பேனாவில் எழுதுவார், சந்தேகமானதைப் பென்சிலில் எழுதுவார். அலுவலகம் முழுக்க இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

மூன்று மாதம் தேடியும் அந்தப் பதினோரு வருடத்துக்கு ஒரு துரும்பும் கிடைக்கவில்லை. கடைசி நாள், மதியம் இரண்டு மணி. அந்த நாட்டுக்காரர்கள் அனுப்பியிருந்த வீடியோவை நூறாவது தடவையாகக் கணினியில் ஓட விட்டுக்கொண்டிருந்தார். திரையில் குருவி அலகை ஆவென்று திறந்தது. சாப்பிட்ட களைப்போ என்னவோ, அவருடைய கை தானாகப் பென்சிலை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் ‘இவ்வூர்ப் பல் மருத்துவர் ஒருவர்’ என்று எழுதியது. வாயைத் திறப்பதைப் பார்த்தால் பல் டாக்டர் ஞாபகம் வரத்தானே செய்யும்? எழுதியதைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டார். பென்சில்தானே, வந்து அழித்துக்கொள்ளலாம் என்று முகம் கழுவப் போனார்.

திரும்பி வருவதற்குள் குமாஸ்தா அந்தக் காகிதத்தை ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டார். ஸ்கேனருக்குப் பேனாவும் ஒன்றுதான், பென்சிலும் ஒன்றுதான். எல்லாம் ஒரே கறுப்பாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். மறுநாள் காலையில் பதில் வந்துவிட்டது: ‘மிகவும் திருப்தி. பறவையை அனுப்புகிறோம்.’ இயக்குநர் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் இந்த மாதிரிச் சமாச்சாரத்தை எந்தக் காதில் சொல்வது?

குருவி வந்தது. ஆனால் வந்துவிட்டது என்று இன்னும் சொல்ல முடியாது. ஆறு வாரம் இங்கே இருக்கும். அதற்குப் பிறகு வெளிநாட்டு நிபுணர் ஒருவர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்குச் சொந்தம். வரலாற்றில் ஒரு வரி பொய் என்று தெரிந்தாலும் குருவி வந்த வழியே திரும்பிப் போய்விடும். பல் டாக்டரின் பெண் வந்து நின்றது திங்கட்கிழமை. அந்த வெள்ளிக்கிழமைதான் ஆறாவது வாரம் முடிகிறது. பதிவாளருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது.

*

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். நிமிர்ந்த முதுகு, மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு குடை. பதிவாளரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

“நீங்கதான் அட்டையில எழுதினவரா?”

“ஆமாம்மா.”

“நாங்க வெளியூருக்குக் குடிபோய் அம்பது வருஷம் ஆச்சு. போன வாரம்தான் பேப்பர்ல பார்த்தேன். ‘பல் மருத்துவர் ஒருவர்’னு போட்டிருந்துச்சு. அது எங்கப்பா.”

பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மோசடிக்காரர்களை அவர் பார்க்காதவர் அல்ல. வருடத்துக்கு இரண்டு பேராவது மாளிகை வாரிசு என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களை விரட்ட அவரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. முப்பத்துநாலு வருடமாகத் தவறாத சொல்.

“ஆதாரம் இருக்காம்மா?”

“எங்கிட்ட எங்கே இருக்கு? வீட்டுல வெள்ளம் புகுந்து காகிதம் ஒண்ணு பாக்கியில்லை.”

அப்பாடா என்று பதிவாளர் மூச்சு விட்டார்.

“ஆனா உங்ககிட்ட இருக்கே,” என்றார் அந்த அம்மா. “ஆதாரம் இல்லாமலா எழுதியிருப்பீங்க? அதைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க. அதுல எங்கப்பா பேரு இருக்கும்.”

விட்ட மூச்சு பாதியில் நின்றது. இவர் பொய் சொல்கிறார் என்று எப்படி நிரூபிப்பது? அப்படி ஒரு டாக்டரே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் குருவி கப்பல் ஏறிவிடும். சரி, இருந்தார் என்று ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் குருவி இந்த அம்மாவின் துணிப்பைக்குள் ஏறிவிடும். முன்னால் போனாலும் இடி, பின்னால் போனாலும் இடி.

“அது... ரகசியக் கோப்பும்மா. உடனே எடுக்க முடியாது. ஒரு பத்து நாள் கழிச்சு வந்தீங்கன்னா...”

“பத்து நாளா? உங்களுக்கு மேலே யாரு இருக்காங்க?”

மேலே மாடியில் இயக்குநர் இருந்தார். காவலர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நல்ல மனிதர், படிக்கட்டைக் காட்டினார்.

*

இயக்குநர் நாற்பது வயதுக்காரர். எதற்கெடுத்தாலும் விழா எடுக்கலாமா என்று யோசிப்பவர். பதிவாளர் மூச்சிரைக்க மாடியேறிப் போவதற்குள் அவர் அந்த அம்மாவுக்குத் தன் நாற்காலியையே கொடுத்திருந்தார்.

“சார், நீங்க சாதாரண ஆளே இல்ல!” என்றார் இயக்குநர். “எழுதினீங்க, எழுதின வரியிலேர்ந்து ஆளே எழுந்து வந்துட்டாங்க பாருங்க! வெள்ளிக்கிழமை நிபுணர் வர்றப்போ அம்மாவையும் உட்கார வைப்போம். அந்தக் கோப்பை மட்டும் கொண்டாங்க.”

“சார், முதல்ல இவங்க யாருன்னு நாம சரிபார்க்கணும்.”

“தாராளமா.”

பதிவாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. மோசடிக்காரர்கள் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்டு, ஆமாம் என்றதும் பிடித்துவிடலாம்.

“உங்கப்பா கொஞ்சம் குள்ளமான மனுஷர். அப்படித்தானேம்மா?”

“யார் சொன்னது? நிலைப்படியில தலை இடிக்கும் அவருக்கு.”

“இடது கால் லேசா நொண்டும்...”

“நொண்டுறதா? தினமும் ரெண்டு மைல் நடப்பாரு!”

“குடிப்பழக்கம்...”

“என்ன பேசறீங்க நீங்க?” அந்த அம்மா குடையைத் தரையில் ஊன்றி எழுந்துவிட்டார். “உங்க கோப்புல எங்கப்பாவைக் குடிகாரர்னா எழுதி வச்சிருக்கு?”

இயக்குநர் பதறிப்போய் அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு பதிவாளரை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“சார், கோப்புல இவ்வளவு தப்பு இருந்தா நிபுணர் கண்ணுல படறதுக்கு முன்னாடி நாம பார்த்தாகணும். இப்பவே போய் எடுத்துட்டு வாங்க.”

“இப்பவே முடியாது சார்.”

“ஏன்?”

காதெல்லாம் சூடேற, பதிவாளர் மனதில் முதலில் வந்ததைச் சொன்னார். “செல்லரிச்சிடுச்சு.”

சொன்ன கணமே ஒரு நிம்மதி வந்தது. அரித்துப்போனதை யாராலும் கேட்க முடியாது. அந்த நிம்மதி சரியாக ஒரு நிமிடம் நீடித்தது.

“செல்லா? ஆவண அறையிலயா?” இயக்குநரின் முகம் வெளுத்துவிட்டது. “இத்தனை நாளா ஏன் சொல்லல? அவ்வளவும் போயிடுமே!”

பதினொன்றரை மணிக்குள் பூச்சி மருந்து அடிப்பவர்கள் வந்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தின் பன்னிரண்டு ஊழியர்களும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகளை உள்முற்றத்துக்குச் சுமந்து வந்து வெயிலில் பரப்பினார்கள். அரித்துப்போன கோப்பைத் தேடிப் புதன்கிழமை மாலை வரை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒன்றில்கூட ஒரு துளை இல்லை. தன் ஆவண அறையைப் பதிவாளர் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார். அந்தச் சுத்தத்தை எண்ணி முதல் முறையாக அவர் வருத்தப்பட்டார்.

“இது என்ன மாயமா இருக்கு? செல்லு அந்த ஒரு கோப்பை மட்டும் முழுசாத் தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டுப் போயிடுச்சா சார்?” என்றார் குமாஸ்தா தும்மிக்கொண்டே.

இதற்கிடையில், கோப்பு சற்றே சேதமாகியிருக்கிறது என்று இயக்குநர் நல்ல எண்ணத்தோடு நிபுணருக்கு எழுதிப் போட்டுவிட்டார். உடனே பதில் வந்தது. நிபுணருக்குப் பழைய காகிதத்தைச் சீர்செய்யவும் தெரியுமாம். கவலையே வேண்டாமாம். துகளாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வையுங்கள், அதற்கான கருவிகளோடு வருகிறேன் என்று எழுதியிருந்தார்.

*

வியாழன் மாலை. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் பதிவாளருக்கு மாடியில் குடியிருக்கும் கூடப்பிறந்த அக்காவிடம்தான் சாப்பாடு. அக்காவுக்கு அறுபத்தைந்து வயது. கண்ணில் புரை எடுத்து ஒன்றரை மாதமாகக் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். பேப்பர் படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது, தூசியில் போகக் கூடாது. பேசக் கூடாது என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை.

“அக்கா, ஒரு ஆள் தெரியாம ஒரு பொய்யை எழுதிட்டான்னு வச்சுக்கோயேன்.”

“யாருடா அது?”

“யாரோ ஒரு ஆள். அதை மறைக்க இன்னொண்ணு சொன்னான். அதை மறைக்க இன்னொண்ணு.”

“நீ இல்லையே?”

“நான் ஏன் சொல்லப்போறேன்?”

“அதானே. உனக்குத்தான் பொய்யே வராதே. சின்ன வயசுலயே வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி காது ரெண்டும் செவந்துடும்.”

“இப்ப செவந்திருக்கா?”

அக்கா கறுப்புக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார். “இதுல தக்காளியும் கத்திரிக்காயும் எனக்கு ஒரே கலராத்தான்டா தெரியுது. நாளைக்குக் காலைல இதைக் கழட்டச் சொல்லிட்டாங்க. கழட்டின கையோட நேரா உன் ஆபீசுக்குத்தான் வரேன். ஊரே பார்த்துட்டு வந்து குருவி குருவிங்குது. தம்பி அங்கேயே வேலை பார்க்கறான், நான் இன்னும் பார்க்கல.”

“நாளைக்கு வேண்டாம்க்கா. நாளைக்கு மட்டும் வேண்டாம்.”

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கீழே வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நடந்தது எல்லாவற்றையும், ஸ்கேனர் முதல் செல்லரித்த கதை வரை, ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவில் எழுதினார். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. வேலை போவதற்காகக்கூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தக் குருவியின் முன்னால் ஆவென்று வாயைத் திறந்து பார்ப்பதை இந்த ஆறு வாரமாக அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் அது போகப்போகிறதே என்பதுதான் தாங்க முடியவில்லை.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. மாளிகையின் பழைய விருந்து அறை. நீளமான மேசையின் நடுவில், கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்த குருவி. ஒரு பக்கம் நெடுநெடுவென்று வெளிநாட்டு நிபுணர். அவர் முன்னால் இடுக்கி, தூரிகை, பூதக்கண்ணாடி எல்லாம் பரப்பிய ஒரு தோல் பெட்டி. அவர் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல இயக்குநர். எதிரே அந்த அம்மா, குடையோடு. ஓரத்தில் பதிவாளர், சட்டைப் பையில் அந்தத் தாளோடு.

நிபுணர் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு ஆவலாகக் கையை நீட்டினார். “கோப்பின் துகள்கள் எங்கே என்று கேட்கிறார்,” என்றார் இயக்குநர்.

பதிவாளர் எழுந்தார். “சார், நான் ஒண்ணு சொல்லணும்...”

“அதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்,” என்றார் அந்த அம்மா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“எனக்கு இந்தக் குருவி வேண்டாம். கேட்டு வந்தேன்னு நெனச்சீங்களா? இது கொள்ளையடிச்ச சாமான். பல்வலி தாங்க முடியாம வந்த ஒரு சிப்பாய், பல்லைப் பிடுங்கினதுக்கு எங்கப்பா கையில கொடுத்துட்டுப் போனான். எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்பாவுக்கு அப்பத் தெரியாது. பின்னாடி தெரிஞ்சப்போ மாளிகையில திருப்பி வாங்கிக்க ஆள் இல்ல. சாகற வரைக்கும் அது அவருக்கு ஒரு உறுத்தல். ‘ஒருவர்’னு மொட்டையாப் போட்டிருக்கறதை எடுத்துட்டு அவர் பேரைப் போடுங்க. ஒளிச்சு வச்சவர்னு யாரும் நெனச்சிடக் கூடாது. அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

பதிவாளர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதுவும் வேண்டாம் என்று சொல்லும் மோசடிக்காரரை அவர் பார்த்ததே இல்லை.

“க்ளினிக்ல வச்சு என்ன பண்ணினார்மா?” என்று இயக்குநர் கேட்டார்.

“குழந்தைங்களுக்குத்தான். சாவி கொடுத்தா இது வாயைத் தொறக்கும். அதைப் பார்த்துக்கிட்டே அதுங்களும் வாயைத் தொறக்கும். அந்த நேரத்துல அப்பா வேலையை முடிச்சிடுவாரு. பல வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. அம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் ஒரு பொடியன் வாயைத் தொறந்தவன் தொறந்தபடியே இருக்காம, அப்பா விரலோட சேர்த்து மூடிட்டான். எலும்பு வரைக்கும் பல்லு இறங்கிடுச்சு. விரல் வீங்கி மூணு மாசம் வேலை இல்லை. அதுக்கப்புறம் இதைப் பார்த்தாலே அப்பாவுக்குக் கை நடுங்கும். இங்கே பாலம் கட்ட வந்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர்கிட்ட, எடுத்துட்டுப் போயிடுங்கன்னு கொடுத்துட்டாரு. நாங்களும் ஊரை விட்டுப் போயிட்டோம்.”

இயக்குநர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நிபுணர் துள்ளி எழுந்தார். தன் பையிலிருந்து ஒரு நெகிழி உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே மஞ்சளாகிப்போன ஒரு கடிதம். அவர் படபடவென்று பேச, இயக்குநர் திக்கித் திக்கிச் சொன்னார்.

“எஞ்சினியரோட மனைவி அவங்க அருங்காட்சியகத்துக்கு எழுதின கடிதமாம். ‘இந்தப் பறவையை, விரலில் கட்டுப் போட்ட ஒரு பல் மருத்துவர் என் கணவருக்குக் கொடுத்தார்’னு இருக்காம். இதை அவங்க வெளியிலயே விடலையாம். நம்மளைச் சோதிக்கத்தான் கட்டத்தைக் காலியா விட்டிருந்தாங்களாம். நீங்க சரியா எழுதினதைப் பார்த்து அசந்து போயிட்டாங்களாம் சார்!”

ஆக, பல் டாக்டர் இருந்தார். நிஜமாகவே இருந்தார். பதிவாளருக்கு நாலைந்து நாளாக அடைத்துக்கொண்டிருந்த காது திறந்த மாதிரி இருந்தது. அந்த அம்மாவின் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் நிபுணர் குனிந்து, அவருடைய முகத்துக்கு நேராக, மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டார்.

“எங்கள் நாட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்ததை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்கிறார்,” என்றார் இயக்குநர்.

ஏதாவது ஒரு பழைய பத்திரிகையின் பெயரைச் சொல்லியிருக்கலாம். யாரும் தேடிப்போகப் போவதில்லை. ஆனால் பதிவாளரின் காது இரண்டும் ஏற்கெனவே சிவந்துவிட்டன. பையிலிருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நான் கண்டுபிடிக்கல சார். குருவி வாயைத் தொறந்துச்சு, கை எழுதிடுச்சு. பென்சில்ல. ஆதாரம் எதுவும் கிடையாது. கோப்பும் கிடையாது. செல்லும் கிடையாது. என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க.”

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. அந்த அம்மா முதல் முறையாக அவரைக் கனிவோடு பார்த்தார். இயக்குநர் வேறு வழியில்லாமல் அதை மொழிபெயர்த்தார்.

நிபுணர் மெல்லக் கையுறையைக் கழற்றினார். அவருடைய குரலில் வருத்தம் இருந்தது.

“யூகம் சரியா இருந்தாலும் யூகம்தானாம்,” என்றார் இயக்குநர், அழமாட்டாத குறையாக. “நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு ஆதாரம் வேணுமாம். கோப்பு இல்லேன்னா, அந்த க்ளினிக்ல இந்தப் பறவையை நேர்ல பார்த்தவங்க ஒருத்தராவது வேணுமாம். மகள் சொல்றதை எடுத்துக்க முடியாதாம், குடும்பத்து ஆளாச்சே. அம்பத்திரண்டு வருஷம் கழிச்சு அப்படி ஒரு ஆளுக்கு நான் எங்கே சார் போவேன்?”

நிபுணர் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வது போலக் குருவிக்குச் சாவி கொடுத்தார். அது வாலை ஆட்டியது. தலையைத் திருப்பியது. அலகை ஆவென்று திறந்தது.

வாசல் பக்கம் சலசலப்பு கேட்டது. காவலர் தடுக்கத் தடுக்க, கறுப்புக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா உள்ளே வந்துவிட்டார். குருவியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மறுபடியும் குருவியைப் பார்த்தார்.

“அடப்பாவி, இந்தக் குருவியா? உனக்கு அஞ்சு வயசுல, என் மடியில உட்கார வச்சு இதைக் காட்டித்தானேடா அந்த டாக்டர் உன் வாயைத் தொறக்க வச்சாரு, நீகூட அவர் விரலைக் கடிச்சுட்டு விடவே மாட்டேன்னியே!”